பழைய சினிமா விவரணப்படங்கள் மீண்டும் வெளிவருமா? – வாசகர் கேள்வி பதில்

சினிமாவின் வரலாற்றைச் சொல்வதற்காகத் தொலைக்காட்சிகள் எடுத்த நல்ல விவரணத் தொடர்களிற் பல ஒளிநாடாக் காலத்தோடு நின்றுவிட்டன என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிற் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த ஒளிநாடாக்களில், ஊமைப்படக் காலத்து ஹொலிவூட்டைப் பற்றிய நீண்ட தொடர் ஒன்றை, மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேற்றர் போட்டு டெக்கில் பார்த்தோம். எத்தனையோ சாதாரணப் படங்கள் புளூ-ரேயில் வந்துவிட்டன. அந்தத் தொடரை மட்டும் எந்தக் கடையிலும் காண முடியவில்லையே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

தாங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலிருந்து, அது கெவின் பிரவுண்லோவும் டேவிட் கில்லும் பிரித்தானியாவின் தேம்ஸ் தொலைக்காட்சிக்காக உருவாக்கி, 1980 இல் ஒளிபரப்பான ‘ஹொலிவூட்’ என்ற 13 பகுதித் தொடர் என்று விளங்குகிறது. ஜேம்ஸ் மேசன் விவரணக் குரல் கொடுத்தார்; கார்ல் டேவிஸ் இசையமைத்தார். ஊமைப்படக் காலத்தைப் பற்றி எடுக்கப்பட்டவற்றுள் இதற்கு நிகரான இன்னொன்று இல்லை என்பதே என் கருத்து. ஒளிநாடாவாகவும் லேசர் தட்டாகவும் விற்பனைக்கு வந்த இத்தொடர், டி.வி.டி. கொடிகட்டிப் பறந்த காலம் முழுவதும் முறையான வெளியீடு எதையும் காணவில்லை.

தொடரை வைத்திருப்பவர்களின் அலட்சியத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. சினிமா வரலாற்றைச் சொல்லும் படம் ஒன்றில், சொந்தமாக எடுத்த காட்சிகளை விட, பிறர் எடுத்த படங்களிலிருந்து பெற்ற துண்டுகளே பெரும்பங்கு வகிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவரோடு செய்த ஒப்பந்தம் ஒன்றும் உண்டு. 1980 இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் அத்தகைய ஒப்பந்தத்தை எழுதியபோது, இத்தனை ஆண்டுகளுக்குள், இன்னின்ன நாடுகளில், இத்தனை தடவைகள் ஒளிபரப்பலாம் என்ற அளவிலேயே எழுதியது. வீட்டில் வைத்துப் பார்க்கும் பிரதிகளுக்கான உரிமைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது, டி.வி.டி. என்ற பொருளோ அன்று இருக்கவே இல்லை. ஆகவே இன்று ஒரு வெளியீட்டாளர் அத்தொடரை எடுத்து இறுவட்டில் போட விரும்பினால், ஒவ்வொரு துண்டுக்கும் மீண்டும் அனுமதி பெற்று, இன்றைய விலையில் கட்டணம் செலுத்த வேண்டும். எங்கள் ஊரில் பங்குக் காணி ஒன்றை விற்கப் புறப்பட்டவர்களுக்கு இது நன்றாக விளங்கும்: உரித்தாளர்களில் ஒருவர் கனடாவிலும், ஒருவர் பிரான்சிலும், இன்னொருவர் எங்கே என்று தெரியாமலும் இருக்க, கடைசிக் கையொப்பம் விழும்வரை காணி உறுதி எழுதி முடியாது.

உரித்தாளர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தேம்ஸ் நிறுவனம் 1992 முடிவில் ஒளிபரப்பு உரிமத்தை இழந்தது. அதை 1993 இல் பியர்சன் என்ற நிறுவனம் வாங்கியது. பின்னர் அந்தத் தொலைக்காட்சிப் பிரிவு கைமாறி, 2001 இலிருந்து ஃப்ரீமான்டில் என்ற பெயரில் இயங்குகிறது. துண்டுகளைக் கொடுத்த நிறுவனங்களின் கதையும் இத்தகையதே. எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழைய படங்கள் 1986 இல் தொலைக்காட்சி அதிபர் ரெட் டேர்னரிடமும், 1996 இல் அவர் வழியாக வோர்ணர் குழுமத்திடமும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கோப்புகள் இடம் மாறுகின்றன. அவற்றைப் படித்து விளங்கிக்கொண்டிருந்த எழுதுவினைஞர்கள் ஓய்வுபெறுகிறார்கள். இசைக் கலைஞர்களுக்கான மீள்பயன்பாட்டுக் கட்டணம், புகைப்படங்களுக்கான உரிமை, நேர்காணலில் பேசியவர்கள் கொடுத்த சம்மதக் கடிதம் என்பனவும் இவற்றோடு சேரும்.

இத்தனை சிக்கல்களுக்கும் முகங்கொடுத்து அதை வெளியிடத்தான் வேண்டுமா என்று யாரேனும் கேட்டால், அத்தொடரின் நேர்காணல்களைப் பார்க்கச் சொல்வேன். வயோலா டானா என்ற நடிகை அதில் வருகிறார். அவருடைய காதலரான ஓர்மர் லொக்லியர் என்ற சாகச விமானி, 1920 ஓகஸ்ட்டில் படப்பிடிப்பு ஒன்றுக்காக இரவில், தேடொளி விளக்குகளின் நடுவே, விமானத்தைச் சுழற்றிக் கீழிறக்கும்போது விழுந்து இறந்தார். அதை நேரில் நின்று பார்த்தவர் டானா. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், எண்பது வயதைத் தொட்ட அந்த மூதாட்டி ஒளிப்பதிவுக் கருவியின் முன்னிருந்து அந்த இரவைச் சொல்லத் தொடங்கி, இடையில் குரல் உடைந்து நிற்கிறார். படக்குழு அவசரப்படாமல் காத்திருக்கிறது. குளோரியா சுவான்சன், லிலியன் கிஷ், கொலீன் மூர், இயக்குநர்களான கிங் விடோர், அலன் டுவான் என்று அதில் பேசிய ஏனையோரும் இன்று இல்லை. டுவான் 1981 இலும் விடோர் 1982 இலும் சுவான்சன் 1983 இலும் காலமானார்கள். சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தச் சாட்சியங்கள் கிடைத்திருக்கமாட்டா. வரலாற்றை விளக்குவதற்காக எடுக்கப்பட்ட படம் தானே மூல ஆவணமாகிவிட்டது என்பதால்தான், அது கிடைக்காமற் போவதை இழப்பாகக் கருதுகிறேன்.

உரிமை ஓரிடத்தில் திரண்டிருந்தால் நிலைமை வேறு. அதே பிரவுண்லோவும் கில்லும் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் ஹரோல்ட் லொயிட் பற்றி 1989 இல் எடுத்த படம், லொயிட்டின் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தைக் கிறைற்றீரியன் நிறுவனம் புளூ-ரேயாக வெளியிட்டபோது அதனுடன் துணைப்படமாகச் சேர்ந்து வந்தது. லொயிட் தம்முடைய படங்களின் உரிமையைத் தம் கையிலேயே வைத்திருந்தவர். அவருக்குப் பின் அது குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. பேச வேண்டிய இடம் ஒன்று என்பதால் காரியம் இலகுவாயிற்று. சப்ளின் ஒதுக்கிவைத்த காட்சிகளைக் கொண்டு அவ்விருவரும் 1983 இல் செய்த தொடரும் டி.வி.டி.யாகக் கிடைத்தது.

இப்போது நம்பிக்கை தரும் மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அக்காலப் படங்களுக்குப் பதிப்புரிமை 95 ஆண்டுகள். அந்தக் கணக்கின்படி 1929 ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னரும் அங்கு வெளிவந்த படங்கள் இன்று பொதுவுடைமை ஆகிவிட்டன. ஊமைப்படக் காலம் அந்த ஆண்டோடு ஏறக்குறைய முடிந்தும்விடுகிறது. ஆகையால், 1980 களில் பெருந்தொகை கேட்ட துண்டுகளிற் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்காவில் இன்று எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு வேறுபடும். ஜேர்மனியில் படைப்பாளி இறந்த ஆண்டிலிருந்தே கணக்கு; இயக்குநர் ஃபிறிட்ஸ் லாங் 1976 இல் இறந்தவர் என்பதால், 1927 இல் வெளியான அவருடைய ‘மெற்றோபோலிஸ்’ அங்கு 2046 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டதே. அப்படியிருந்தும், உரிமைச் செலவைக் காரணம் காட்டிப் பல ஆண்டுகளுக்கு முன்னர் மூடிய கோப்புகளை இன்று மறுபடி திறந்து பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது.

கேள்வி: நான் வீடியோ எடிற்றிங் தொழில் செய்கிறேன். இப்போது கிடைக்கும் மென்பொருள்களால் பழைய ஒளிநாடாவையும் 4கே தரத்துக்கு உயர்த்தலாம். அப்படிச் செய்து வெளியிட்டால் என்ன?
– கொக்குவில் வாசகர்

மூலப்பொருள் எது என்பதை முதலில் அறிய வேண்டும். அக்காலத்துப் பிரித்தானிய விவரணப்படங்கள் பலவற்றில் நேர்காணல்கள் 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டன. வெட்டி ஒட்டும் வேலையும் படச்சுருளிலேயே நடந்து, அந்த நெகட்டிவ் காப்பகத்தில் இருக்குமானால், அதைப் புதிதாக ஸ்கான் செய்து இன்றைய திரைக்கு ஏற்ற தெளிவைப் பெறலாம். இறுதி வடிவம் காந்தநாடாவிலே மட்டும் செய்யப்பட்டிருந்தால், அதில் இருப்பது 625 கோட்டுத் தொலைக்காட்சி முறையின் 576 புலப்படும் கோடுகள்தாம். புளூ-ரேயின் முழுத் தெளிவு 1080 கோடுகள். இடையிலுள்ள வித்தியாசத்தை மென்பொருள் எங்கிருந்தும் மீட்டெடுப்பதில்லை, ஊகித்து வரைகிறது.

கலியாண வீட்டு ஒளிநாடாவில் அந்த ஊகம் பெரிய கேடு செய்யாது. 1915 ஆம் ஆண்டுப் படத்தின் துண்டிலும், எண்பது வயது மனிதரின் முகத்திலும் அதைச் செய்தால், தோலின் சுருக்கம் மறைந்து, கண்கள் புதிதாக வரையப்பட்டு, இல்லாத முகம் ஒன்று வந்துவிடுகிறது. வரலாற்றுப் படத்தில் இதை நான் ஏற்கமாட்டேன்.

ஊமைப்படத் துண்டுகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவை செக்கனுக்கு 16 இலிருந்து 24 சட்டங்கள் வரை வெவ்வேறு வேகங்களில் எடுக்கப்பட்டவை. அவற்றைச் சரியான வேகத்தில் ஓடவைத்து நாடாவுக்கு மாற்றும்போது, செக்கனுக்கு 50 அரைச்சட்டங்களுக்குள் (ஒரு முழுச் சட்டத்தை ஒற்றை, இரட்டைக் கோடுகளாகப் பிரித்த பாதிகளுக்குள்) அவை பரவிக் கலந்திருக்கும். கவனமில்லாமல் அந்த அரைச்சட்டங்களை ஒன்றாக்கினால், ஓடும் மனிதனுக்கு இரண்டு நிழல்கள் விழும். அத்துண்டுகளை எடுத்துவிட்டு, அண்மையில் மீட்டெடுத்த தெளிவான பிரதிகளிலிருந்து அதே காட்சிகளை வைக்கலாம் என்பது நல்ல யோசனையாகவே தோன்றும். ஆனால் புதிய பிரதியின் வேகமும் வெட்டும் பழையதோடு ஒத்துவராதபோது, காட்சியை அளந்து எழுதிய விவரணமும் இசையும் இடறுகின்றன. புதிய பிரதியைச் செய்தவரிடம் வேறாக அனுமதியும் பெற வேண்டும்.

என் விருப்பம் எளிமையானது. புளூ-ரே முறை 576 கோட்டு ஒளிப்படத்தையும் உள்ளபடியே ஏற்கும். டி.வி.டி.யின் இரட்டை அடுக்கில் 8.5 ஜிகாபைட்டே கொள்ளும். புளூ-ரேயின் இரட்டை அடுக்கில் 50 கொள்ளும். 13 பகுதிகளையும் அதிகம் நெருக்காமல் ஒரு தட்டிலோ இரண்டு தட்டுகளிலோ அடக்கிவிடலாம். பழைய நாடாவை நேர்மையாக, உள்ளது உள்ளபடி, நல்ல அளவில் தருகின்ற அத்தகைய வெளியீடு எனக்குப் போதும். தொழில் தெரிந்த நீங்கள் இதை உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் எடுத்துச் சொன்னால் நல்லது.

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி அனுப்பிய புளூ-ரே தட்டு இங்கே வாங்கிய கருவியில் ஓடவில்லை. தட்டு பழுதா?
– சுன்னாகம் வாசகி

பெரும்பாலும் பழுதாக இராது. புளூ-ரேக்கு உலகை மூன்று வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பிரித்தானியா பி, அமெரிக்காவும் கனடாவும் ஏ, நாங்கள் இந்தியாவுடன் சேர்ந்து சி. டி.வி.டி.யில் பிரித்தானியா 2, நாங்கள் 5. எல்லா வலயங்களையும் ஏற்கும் கருவி ஒன்றே இதற்கு வழி. வாங்கும்போது டி.வி.டி.க்கு மட்டுமன்றிப் புளூ-ரேக்கும் அது திறந்திருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே ஒரு தட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வலயப் பூட்டு இல்லாமல் வெளியிடும் நிறுவனங்களும் உண்டு. அட்டையின் பின்புறத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த முறை அனுப்புவதற்கு முன்னர் தம்பியை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தத் தொடர்களை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களே. அதைப் பார்த்துவிட்டுப் போகாமல் வெளியீட்டுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?
– மானிப்பாய் வாசகர்

பார்ப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புத்தகமும் படமும் கிடைக்காத காலத்தில் கிடைத்ததைப் பிரதி எடுத்துப் படித்துத்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் அங்கே இருப்பது, ஒளிநாடாவிலிருந்து எடுத்த பிரதியின் பிரதி. நிறம் வழிந்து, ஒலி இரைந்து, சில இடங்களில் பகுதிகள் வெட்டுண்டு கிடக்கிறது. முறைப்பாடு ஒன்று வந்தால் ஒரே நாளில் மறைந்தும்விடும். அதைவிட முக்கியமாக, இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்ற எண்ணம் காப்பகத்தில் உள்ள மூல நாடாவை மறக்கச் செய்கிறது. நாடா முதுமையடைந்துகொண்டே இருக்கிறது. அதை ஓடவைக்கும் இயந்திரங்களும் அருகி வருகின்றன. முறையான வெளியீடு ஒன்று வரும்போதுதான் யாரோ ஒருவர் அந்த மூல நாடாவை எடுத்துத் துடைத்து, நல்ல இயந்திரத்தில் ஏற்றி, அழியாத கோப்பாக மாற்றுகிறார். வெளியீட்டைக் கேட்டு நாம் எழுதுவது அந்த வேலை நடக்க வேண்டும் என்பதற்காகவே.

கேள்வி: இலங்கைத் தமிழ்ச் சினிமா பற்றி விவரணப்படம் ஒன்று எடுக்க எண்ணியிருக்கிறேன். பழைய படங்களின் காட்சிகளைச் சேர்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அனுமதி கிடைக்காவிட்டால் படத்தைக் கைவிட வேண்டுமா?
– யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி

கைவிடாதீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் மகிழ்வித்தது தங்களுடையதே.

முதலில் படங்களின் நிலையைச் சொல்கிறேன். 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. இந்நாட்டுச் சினிமாவின் மூலப்பிரதிகள் பல இவ்வாறு அழிந்தன. ‘குத்துவிளக்கு’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ என்று பெயர் சொல்லிப் பேசுகிற படங்களுக்குக்கூட, இன்று கண்ணுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தேய்ந்த பிரதிகளே. அதனால் தாங்கள் தேட வேண்டியது உரிமையாளரை மட்டுமல்ல. பிரதி எங்கே இருக்கிறது என்பதையும் தேட வேண்டும். தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தில் தொடங்குங்கள். தயாரிப்பாளரின் குடும்பத்தையும் விசாரியுங்கள். வெளிநாட்டுக் காப்பகங்களையும் விட்டுவிடாதீர்கள். சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ மூல நெகட்டிவ் இல்லாத நிலையில், எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டு 2013 இல் மீட்டெடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் உயிருடன் இருந்தால் அவரிடமும், இல்லையேல் அவருடைய சட்டபூர்வ வாரிசுகளிடமும் எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல்லில் நிற்காதீர்கள். எழுதும் கடிதத்தில் ‘திரைப்பட விழாவில் காட்டுவதற்கு’ என்று மட்டும் எழுதினால், நல்லூர் ஆசிரியர் கேட்ட கேள்வியை முப்பது ஆண்டுகளின் பின்னர் தங்கள் படத்தைப் பற்றியும் யாரோ கேட்பார்கள். இன்று இருப்பவையும் இனி வரக்கூடியவையுமான எல்லா ஊடக வடிவங்களிலும், எல்லா நாடுகளிலும், கால எல்லை இல்லாமல் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நேர்காணல் கொடுப்பவர்களிடமும் அன்றே, அந்த இடத்திலேயே, அதே சொற்களில் சம்மதம் பெற்றுவிடுங்கள்; முதியவர்களிடம் திரும்பப் போகலாம் என்று ஒத்திவைக்காதீர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும் ‘ஐஸ் ஓன் த பிறைஸ்’ என்ற புகழ்பெற்ற தொடர், துண்டுகளுக்கான அனுமதிக் காலம் முடிந்தமையால் 1990 களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் ஒளிபரப்பப்பட முடியாமல் முடங்கிக் கிடந்தது. ஃபோர்ட் அறக்கட்டளை போன்றோர் நிதி கொடுத்து உரிமைகளை மீளப் பெற்ற பின்னரே 2006 இல் மீண்டும் திரைக்கு வந்தது.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. விமர்சனம், கருத்துரை, கற்பித்தல், ஆய்வு முதலிய நோக்கங்களுக்காக ஒரு படைப்பின் பகுதியைப் பயன்படுத்துவது உரிமை மீறல் ஆகாது என்பது அதன் சாரம். பயன்பாட்டின் நோக்கம், எடுத்த பகுதியின் அளவு, மூலப்படைப்பின் சந்தைக்கு அதனால் நேரும் பாதிப்பு ஆகியவற்றை நோக்கியே தீர்மானிக்கப்படும். ஆகவே ஒரு பாட்டை அழகுக்காக முழுமையாகப் போடுவதற்கும், இயக்குநர் குடாநாட்டின் வெளிகளை எப்படிப் படமாக்கினார் என்று விளக்கிக்கொண்டே அரை நிமிடக் காட்சியைக் காட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வெளியீட்டுக்கு முன்னர் சட்டத்தரணி ஒருவரிடம் படத்தைக் காட்டிவிடுங்கள்.

பிற நாடுகளில் இந்த வழி வென்றிருக்கிறது. ‘எ க்ளொக்வேர்க் ஒறேஞ்’ என்ற படம் பிரித்தானியத் திரைகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலத்தில், அந்த விலக்கலைப் பற்றிச் செய்த நிகழ்ச்சியில் சனல் 4 தொலைக்காட்சி அப்படத்தின் காட்சிகளை அனுமதியின்றிச் சேர்த்தது. பாரிஸில் வாங்கிய லேசர் தட்டிலிருந்து எடுத்த அக்காட்சிகள் 12 நிமிடங்களுக்கும் மேற்பட்டவை. இருந்தும் 1993 இல் பிரித்தானிய மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை விமர்சனத்துக்கான நியாயமான கையாளல் என்று ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் தொம் அன்டர்சன் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சினிமா எப்படிக் காட்டியது என்பதைப் பல படங்களின் துண்டுகளைக் கோத்தே 2003 இல் ஒரு விவரணப்படமாகச் செய்தார். அது பல ஆண்டுகள் விழாக்களில் மட்டும் காட்டப்பட்டு, நியாயமான பயன்பாடு என்ற அடிப்படையில் 2014 இல் வீட்டுப் பிரதியாக வெளிவந்தது. இடையில், 2005 இல், அமெரிக்க விவரணப்படக் கலைஞர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கான நியாயப் பயன்பாட்டு நெறிகளை வகுத்திருந்தார்கள். எங்கள் படைப்பாளிகளும் அப்படி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொள்வது நல்லது; யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் திரைப்பட விழா நடக்கும் நாட்களில் அதற்கென ஓர் அமர்வை ஒதுக்கலாம்.

இன்னும் ஒன்று. தாங்கள் எடுக்கும் நேர்காணல்களில் அரை நிமிடமே படத்தில் இடம்பெற்றாலும், எடுத்த முழுவதையும் பாதுகாத்து வையுங்கள்.

கேள்வி: அப்பா 1980 களில் நாடக, சினிமாக் கலைஞர்கள் சிலருடன் பேசிப் பதிந்த ஒளிநாடாக்கள் வீட்டில் இருக்கின்றன. சிலவற்றில் வெண்மையாக ஏதோ படிந்திருக்கிறது. டெக் ஒன்று தேடி எடுத்துப் போட்டுப் பார்க்கலாமா?
– பருத்தித்துறை வாசகர்

தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள். அது பூஞ்சணம். கடற்காற்றும் மாரி காலத்து ஈரமும் சேர்ந்த எங்கள் கரையோரத்தில் ஒளிநாடாவுக்கு வரும் முதல் நோய் அதுவே. ஓடவைத்தால் நாடா கிழியலாம். பூஞ்சணம் கருவியின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். கசெற்றின் சிறு கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சுற்றின் விளிம்பில் வெண்பொடி தெரிபவற்றை வேறாக எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளோடு இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். தெளிவாக இருப்பவற்றைப் புத்தகம்போல் நிமிர்த்தி, சுவரோடு ஒட்டாமல், ஒலிபெருக்கியும் வெயிலும் படாத இடத்தில் அடுக்குங்கள். படச்சுருள் ஏதும் இருந்து, டப்பாவைத் திறக்கையில் வினாகிரி மணம் வந்தால், அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். அசற்றேற்று என்ற பிளாஸ்ரிக்கில் ஆன சுருள் சிதையத் தொடங்கியதன் அறிகுறி அது, அந்த ஆவி அருகிலுள்ள சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும்.

பிறகு தாமதிக்க வேண்டாம். வி.எச்.எஸ். ஒளிநாடாக் கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுபவை யாவும் பழுது பார்த்து ஓடுபவை. நாடாக்களைச் சுத்தம் செய்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுக்கும்போது, படத்தின் நடுக்கத்தைச் சரிசெய்யும் நேரச் சீராக்கி இணைத்த நல்ல கருவியில் ஓட்டி, சுருக்கத்தில் தரம் இழக்காத கோப்பாகத் தருமாறு கேளுங்கள், டி.வி.டி.யில் பதிந்து தருகிறோம் என்றால் அது பார்ப்பதற்கான பிரதி மட்டுமே, காப்புப் பிரதி ஆகாது. இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். யார் பேசுகிறார், எங்கே, எந்த ஆண்டு என்பதை அப்பாவின் காலத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பெயர் தெரியாத முகத்தால் வரலாற்றுக்குப் பயன் குறைவு. நூலக நிறுவனம் எண்ணிம வடிவில் ஈழத்து ஆவணங்களைப் பேணிவருகிறது. ஒலி, ஒளி ஆவணங்களையும் ஏற்கிறது. அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். நாடாக்களை மட்டும், மாற்றி முடிந்த பின்னரும், எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: வெளியீட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து ஒருவர் கடிதம் எழுதுவதால் பயன் உண்டா?
– சாவகச்சேரி வாசகர்

உண்டு, சரியான இடத்துக்குச் சரியான செய்தியோடு எழுதினால். ‘தயவுசெய்து வெளியிடுங்கள்’ என்று மட்டும் எழுதும் கடிதம் கோப்பில் போய்விடும். பெரிய நிறுவனத்தின் பொது முகவரியை விட, பழைய படங்களை ஆயிரம், இரண்டாயிரம் பிரதிகள் அச்சிட்டு விற்கும் சிறிய வெளியீட்டாளருக்கு எழுதுவது மேல். அவர்கள் வாசகர் கடிதங்களை வாசிக்கிறார்கள், அவர்களுடைய கணக்கில் ஐம்பது வாங்குநர்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. தொடரின் பெயர், ஒளிபரப்பான ஆண்டு, இப்போதைய உரிமையாளர் யார், முன்பு எந்த வடிவில் வந்தது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். துண்டுகளாக இடம்பெறும் படங்களில் எவை பொதுவுடைமை ஆகிவிட்டன என்பதைத் தெரிந்த அளவில் எழுதுங்கள். முழுத்தொடராக முடியாவிட்டால், அதில் பேசப்படும் இயக்குநரின் படம் ஒன்றை வெளியிடும்போது அந்தப் பகுதியை மட்டும் துணைப்படமாகச் சேர்க்கலாமே என்று கேளுங்கள். லொயிட் பற்றிய படம் அந்த வழியால் வந்ததுதான். நேர்காணல்களின் வெட்டாத பதிவுகள் காப்பகத்தில் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள், ஏனெனில் அவற்றில் பிறர் படத்துண்டு எதுவும் இல்லை. கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். இவ்வாறு எழுத விரும்பும் வாசகர்கள் வரைவை இதழின் முகவரிக்கு அனுப்பினால், விவரங்களைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பி வைப்பேன்.